இரண்டு அளவுகள், இரண்டு கணக்குகள்: மின்தடையும் மின்திறனும்



நம் வீடுகளில் அன்றாடம் வழங்கும் ஒரு சொல்லிலிருந்து இவ்வுரையைத் தொடங்க விரும்புகிறேன். 'கரண்ட்' என்பதே அச்சொல். விளக்கு அணைந்தால் 'கரண்ட் போய்விட்டது' என்கிறோம். ஈரக் கையால் விசையைத் தொட்டு அதிர்ந்தால் 'கரண்ட் அடித்துவிட்டது' என்கிறோம். குளிரூட்டியைக் காட்டி 'இது கரண்டை அதிகம் இழுக்கும்' என்கிறோம். மாதக் கட்டணச் சீட்டைக் கண்டு 'கரண்ட் பில் கூடிவிட்டது' என்கிறோம். முதல் தொடரில் இல்லாமற்போனது மின்னழுத்தம். இரண்டாம் தொடரில் உடலின் வழியே பாய்ந்தது மின்னோட்டம். மூன்றாம் தொடர் மின்திறனைப் பற்றியது. நான்காம் தொடரில் நாம் பணம் கட்டுவது மின்னாற்றலுக்கு. நான்கு வெவ்வேறு அளவுகளை ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம்.

பேச்சுக்கு அது போதும், கணக்குக்குப் போதாது. ஒரு செருகுவாயில் எத்தனை கருவிகளை இணைக்கலாம், ஒரு கம்பி ஏன் சூடேறுகிறது, ஒரு கருவி ஏன் எரிந்துபோனது என்னும் கேள்விகளுக்கு விடை காண இந்நான்கையும் பிரித்தறிய வேண்டும். அவற்றுள் மின்னழுத்தம், மின்னோட்டம் ஆகிய இரண்டை மட்டும் அறிந்துகொண்டால், மின்தடையையும் மின்திறனையும் நாமே கணித்துவிடலாம். அதற்கு ஒரு வகுத்தலும் ஒரு பெருக்கலும் போதும். ஆயினும் எந்த மின்னழுத்தம், எந்த மின்னோட்டம் என்று கேட்டுத் தெளியாமல் கணக்கிட்டால் விடை பெரும்பிழையாகிவிடும். இவ்வுரையின் மையக் கருத்து அதுவே.

அளவுகளின் பொருள்

மின்னூட்டம் என்பது கூலோம் என்னும் அலகால் அளக்கப்படுகிறது. ஒரு கம்பியின் குறுக்குவெட்டு வழியே ஒரு விநாடியில் ஒரு கூலோம் மின்னூட்டம் கடந்து சென்றால், அங்கே ஓடும் மின்னோட்டம் 1 ஆம்பியர். ஒரு கூலோம் மின்னூட்டம் ஒரு புள்ளியிலிருந்து மற்றொரு புள்ளிக்குச் செல்லும்போது ஒரு ஜூல் ஆற்றலைக் கொடுத்துவிட்டுச் சென்றால், அவ்விரு புள்ளிகளுக்கும் இடையேயுள்ள மின்னழுத்தம் 1 வோல்ட்.

இவ்விரு வரையறைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வோல்ட் என்பது ஒரு கூலோமுக்கு இத்தனை ஜூல். ஆம்பியர் என்பது ஒரு விநாடிக்கு இத்தனை கூலோம். இரண்டையும் பெருக்கினால் கூலோம் நீங்கி, ஒரு விநாடிக்கு இத்தனை ஜூல் என்பது எஞ்சும். ஒரு விநாடிக்குச் செலவாகும் ஆற்றலையே மின்திறன் என்கிறோம். அதன் அலகு வாட். ஆகவே,

மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்

என்னும் வாய்பாடு மனப்பாடம் செய்யவேண்டிய ஒன்றன்று. வரையறைகளிலிருந்து தானே விளைவது.

இனி வகுத்தலைப் பார்ப்போம். ஒரு கம்பியில் 1 ஆம்பியர் ஓட்டத்தை உண்டாக்க எத்தனை வோல்ட் தேவைப்படுகிறது? எளிதில் ஓடவிடும் கம்பிக்குக் குறைந்த மின்னழுத்தமே போதும். தடுத்து நிற்கும் கம்பிக்கு மிகுந்த மின்னழுத்தம் வேண்டும். அந்தத் தடுக்கும் தன்மையின் அளவே மின்தடை. அதன் அலகு ஓம்.

மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம்

கலைச்சொற்களைப் பற்றி ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ஆற்றல் என்றும் திறன் என்றும் குறிப்பவற்றை இலங்கைப் பாடநூல்கள் முறையே சக்தி என்றும் வலு என்றும் குறிக்கின்றன. இரு நாட்டு நூல்களையும் பயன்படுத்தும் மாணவர் இதை அறிந்திருத்தல் நலம். எவ்வழக்கைக் கைக்கொண்டாலும், மொத்தச் செலவுக்கு ஒரு சொல்லும் அச்செலவின் வேகத்துக்கு வேறொரு சொல்லும் என வகுப்பறையில் உறுதியாக நின்றால் குழப்பம் நேராது.

ஓர் ஆசிரியர் கண்ட விகிதம்

மின்தடையின் அலகுக்குப் பெயர் தந்த ஜார்ஜ் சைமன் ஓம், 1789ஆம் ஆண்டு ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். கொலோன் நகரப் பள்ளியொன்றில் கணிதமும் இயற்பியலும் கற்பித்துவந்த காலத்தில், பள்ளியின் ஆய்வுக்கருவிகளைக் கொண்டு தம் சோதனைகளை நடத்தினார். 1825இல் அவர் வெளியிட்ட முதற்கட்டுரையில் இருந்த வாய்பாடு பிழையானது. அவர் பயன்படுத்திய மின்கலத்தின் அழுத்தம் சோதனையின் நடுவே மாறிக்கொண்டிருந்ததே அதற்குப் பெருங்காரணம். பின்னர் பொக்கென்டார்ஃப் என்னும் அறிஞரின் யோசனையை ஏற்று, வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்தினார். இரு வேறு உலோகங்களின் இணைப்பு முனைகளுள் ஒன்றைக் கொதிநீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்தால், நிலையானதொரு மின்னழுத்தம் கிடைக்கும். அதைக் கொண்டு செய்த சோதனைகளில் சீரான தொடர்பு தெளிவாகப் புலப்பட்டது. 1827இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். தொடக்கத்தில் அந்நூலுக்குப் போதிய வரவேற்பு கிட்டவில்லை. 1841இல் இலண்டன் ராயல் கழகம் காப்ளி பதக்கம் வழங்கி அவரைச் சிறப்பித்தது.

அவர் கண்டது என்ன? வெப்பநிலை மாறாதவரை, ஓர் உலோகக் கம்பியின் மின்னழுத்தத்தை அதன் மின்னோட்டத்தால் வகுத்தால் வரும் ஈவு மாறுவதில்லை. மின்னழுத்தத்தை இருமடங்காக்கினால் மின்னோட்டமும் இருமடங்காகும். ஈவு அப்படியே நிற்கும். வகுத்தலை எந்தப் பொருளுக்கும் செய்யலாம். ஈவு மாறாமல் நிற்பதுதான் ஓம் விதி.

கருவியின் அடியில் ஒரு கணக்கு

நீர் கொதிக்க வைக்கும் மின்சாரக் கெட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தால், அதன் அடியில் மின்னழுத்தமும் மின்திறனும் பொறிக்கப்பட்டிருக்கும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வீடுகளுக்கு வழங்கப்படும் மின்னழுத்தம் 230 வோல்ட். கெட்டிலின் மின்திறன் 2300 வாட் எனக் கொள்வோம்.

மின்னோட்டம் = 2300 ÷ 230 = 10 ஆம்பியர்
மின்தடை = 230 ÷ 10 = 23 ஓம்

நான்கு அளவுகளுள் எஞ்சியது மின்னாற்றல். மின்திறனை நேரத்தால் பெருக்கினால் அது கிடைக்கும். கட்டணச் சீட்டில் 'யூனிட்' எனக் காண்பது 1 கிலோவாட்-மணி. அதாவது 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் இயங்கச் செலவாகும் ஆற்றல். இந்தக் கெட்டில் 6 நிமிடம், அதாவது 0.1 மணி நேரம் இயங்கினால் செலவாவது 0.23 யூனிட். 10 வாட் மட்டுமே எடுக்கும் ஒரு சிறு கருவி 24 மணி நேரமும் இயங்கினால் செலவாவது 0.24 யூனிட். திறனில் 230 மடங்கு வேறுபடும் இரு கருவிகள் செலவில் ஏறக்குறைய ஒத்துநிற்கின்றன. திறனும் ஆற்றலும் வேறு என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

தடை கூடினால் வெப்பம் கூடுமா, குறையுமா?

மாணவர்கள் பலரைத் தடுமாறச் செய்யும் கேள்வி இது. மின்திறன் வாய்பாட்டில் மின்னழுத்தத்துக்குப் பதிலாக மின்னோட்டம் × மின்தடை எனப் பதிலிட்டால்,

மின்திறன் = மின்னோட்டத்தின் வர்க்கம் × மின்தடை

எனக் கிடைக்கும். மின்னோட்டத்துக்குப் பதிலாக மின்னழுத்தம் ÷ மின்தடை எனப் பதிலிட்டால்,

மின்திறன் = மின்னழுத்தத்தின் வர்க்கம் ÷ மின்தடை

எனக் கிடைக்கும். முதலாவது, தடை கூடினால் வெப்பம் கூடும் என்கிறது. இரண்டாவது, தடை கூடினால் வெப்பம் குறையும் என்கிறது. இரண்டும் ஒரே வாய்பாட்டிலிருந்து பிறந்தவை. எது உண்மை?

இரண்டும் உண்மையே. எந்த அளவு மாறாமல் நிற்கிறது என்பதைக் கேட்டால் முரண்பாடு மறைந்துவிடும். ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரிணைப்பில் அமைந்த பொருள்களில் ஒரே மின்னோட்டம் ஓடும். அங்கே மின்னோட்டம் பொதுவாகையால், தடை மிகுந்த பொருளே அதிகம் சூடேறும். பக்க இணைப்பில், அதாவது ஒரே செருகுவாயில் அருகருகே இணைந்த கருவிகளுக்கு ஒரே மின்னழுத்தம் கிடைக்கும். அங்கே மின்னழுத்தம் பொதுவாகையால், தடை குறைந்த கருவியே அதிகத் திறனை எடுக்கும்.

நம் கெட்டிலில் இவ்விரண்டையும் காணலாம். சூடாக்கும் சுருளும் அதற்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பியும் தொடரிணைப்பில் உள்ளவை. சுருளின் தடை 23 ஓம். 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள செம்புக் கம்பி, போக ஒரு மீட்டரும் வர ஒரு மீட்டருமாக இருந்தால், அதன் தடை ஏறத்தாழ 0.034 ஓம். இரண்டிலும் ஓடுவது அதே 10 ஆம்பியர். சுருளில் பிறக்கும் வெப்பத்தின் திறன் 10 × 10 × 23 = 2300 வாட். கம்பியில் பிறப்பது 10 × 10 × 0.034 = 3.4 வாட். ஒரே ஓட்டம் பாய்ந்தும் நீர் கொதிக்கிறது; கம்பியோ வெதுவெதுப்போடு நின்றுவிடுகிறது.

கம்பியின் வெப்பத்தை இரண்டாம் வாய்பாட்டால் கணக்கிட முயலும் மாணவர் ஒருவர், 230 வோல்ட்டின் வர்க்கத்தை 0.034ஆல் வகுத்து 15 லட்சம் வாட்டுக்கும் மேல் என விடை எழுதக்கூடும். வாய்பாடு பிழையன்று, அதில் இட்ட மின்னழுத்தமே பிழை. 230 வோல்ட் என்பது சுவரிலுள்ள செருகுவாயின் இரு முனைகளுக்கு இடைப்பட்டது. கம்பிக்குரிய மின்னழுத்தம் 10 × 0.034 = 0.34 வோல்ட் மட்டுமே. அதன் வர்க்கத்தை 0.034ஆல் வகுத்தால் அதே 3.4 வாட் கிடைக்கும். எந்தப் பொருளைக் கணக்கிடுகிறோமோ, அந்தப் பொருளின் இரு முனைகளுக்கு இடையேயுள்ள மின்னழுத்தத்தையும் அதே பொருளின் ஊடாகச் செல்லும் மின்னோட்டத்தையும் மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பிழையான விடைக்கும் ஒரு பொருளுண்டு. கம்பியின் உறை கிழிந்து, சுருளைச் சென்றடையும் முன்னரே இரு கம்பிகளும் ஒன்றையொன்று தொட்டுவிட்டால், இடையில் சுருள் இல்லை. செருகுவாயின் மின்னழுத்தம் முழுவதும் கம்பியின்மீதே விழ முற்படும். குறுக்குச்சுற்று என்பது அதுவே. ஃபியூஸ் எனப்படும் உருகியோ துண்டிப்பானோ அக்கணமே சுற்றை அறுக்கவேண்டிய காரணமும் அதுவே.

செருகுவாயின் எல்லை

நம் வீட்டுச் செருகிகளுக்கு மூன்று செவ்வகக் கால்கள் உண்டு. அவற்றினுள் இருக்கும் உருகியின் அளவு பெரும்பாலும் 13 ஆம்பியர். ஆகவே அவ்வழியே எடுக்கத்தகும் திறனின் எல்லை 230 × 13 = 2990 வாட். பல செருகுவாய்கள் கொண்ட நீட்டிப்புப் பலகையொன்று அத்தகைய ஒரு செருகியால் சுவரில் இணைக்கப்பட்டிருக்கிறது. அதில் 2300 வாட் கெட்டிலையும் 690 வாட் சோறு சமைக்கும் குக்கரையும் இணைத்தால் 10 + 3 = 13 ஆம்பியர். எல்லையைத் தொட்டுவிட்டோம். பலகையில் இன்னும் இடம் காலியாக இருக்கிறதே என்று 1150 வாட் இஸ்திரிப்பெட்டியையும் செருகினால், அது மேலும் 5 ஆம்பியரை எடுக்கும். மொத்தம் 18 ஆம்பியர்.

சுமை ஏறத்தாழ 38 விழுக்காடு கூடியிருக்கிறது. பலகையின் கம்பியில் பிறக்கும் வெப்பம் எவ்வளவு கூடும்? 18இன் வர்க்கம் 324. 13இன் வர்க்கம் 169. ஏறத்தாழ 1.9 மடங்கு. மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கேற்ப வெப்பம் பெருகும் என்பதை 1841இல் ஆய்ந்து வெளியிட்டவர் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல். அவ்விதியே இங்கு நம் சமையலறையில் செயற்படுகிறது. 13 ஆம்பியர் உருகி அவ்வளவைத் தாண்டிய கணத்திலேயே உருகிவிடும் என்று நம்பியிருத்தல் தவறு. சற்றே மிகுந்த ஓட்டத்தை அது நெடுநேரம் தாங்கிநிற்கும். அதுவரை கம்பியும் செருகுவாயும் சூடேறிக்கொண்டே இருக்கும்.

தளர்ந்துபோன செருகுவாய் இதனினும் கொடியது. உலோகக் கால் சரியாகப் பொருந்தாமல் அங்கே 0.1 ஓம் தடை உண்டாகிவிட்டது என்போம். 10 ஆம்பியர் ஓடும்போது அச்சிறு புள்ளியில் 10 வாட் வெப்பம் பிறக்கும். ஒரு மீட்டர் நீளத்துக்குப் பரவிய 3.4 வாட்டைக் கம்பி தாங்கும். அரிசிமணி அளவான ஓரிடத்தில் குவிந்த 10 வாட் சுற்றியுள்ள நெகிழியைக் கருக்கிவிடும். அதே செருகுவாயில் 0.1 ஆம்பியர் மட்டும் எடுக்கும் சிறு கருவியைச் செருகினால் பிறப்பது 0.001 வாட், ஒன்றும் நேராது. கைப்பேசிக்குப் பயன்பட்டபோது குறையேதும் காட்டாத செருகுவாய், கெட்டிலைச் செருகியதும் கருகுவதன் காரணம் இதுவே. பழுப்பு நிறம் படிந்த செருகுவாயைக் கண்டால் அதைப் பயன்படுத்தாமல் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைப்பதே முறை.

குளியலறை வெந்நீர்க் கருவியையும் எண்ணிப் பாருங்கள். 3600 வாட் கருவி 3600 ÷ 230 = 15.7 ஆம்பியர் எடுக்கும். 13 ஆம்பியர் செருகிக்கு அது பொருந்தாது. ஆதலால்தான் அதற்குத் தனிக்கம்பியும் 20 ஆம்பியர் தாங்கும் தனி விசையும் அமைக்கிறார்கள்.

இதே கணக்கு நாடளாவியும் பொருந்தும். மலேசியத் தீபகற்பத்தில் 500 கிலோவோல்ட் வரையிலும் சிங்கப்பூரில் 400 கிலோவோல்ட் வரையிலும் மின்னழுத்தத்தை உயர்த்தி மின்சாரத்தை அனுப்புகிறார்கள். அனுப்பும் திறன் மாறாமல் மின்னழுத்தத்தைப் பத்து மடங்காக்கினால் மின்னோட்டம் பத்தில் ஒன்றாகும். கம்பியில் வீணாகும் வெப்பம் நூற்றில் ஒன்றாகும்.

கணக்கின் வரம்புகள்

இரண்டு எச்சரிக்கைகள் உள. முதலாவது, வெப்பநிலை. 230 வோல்ட், 60 வாட் எனப் பொறித்த பழைய இழைவிளக்கு எரியும்போது அதன் தடை ஏறத்தாழ 882 ஓம். அணைந்து குளிர்ந்த விளக்கின் தடையை அளவுமானியால் அளந்தால், அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே காட்டும். மானியும் பொய் சொல்லவில்லை, கணக்கும் தவறவில்லை. டங்ஸ்டன் இழை சூடேறும்போது அதன் தடை பன்மடங்கு உயர்கிறது.

இரண்டாவது, மாறுமின்னோட்டத்தில் இயங்கும் மோட்டார்கள். விசிறி, குளிர்பதனப் பெட்டி போன்றவற்றில் மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒரே கணத்தில் உச்சத்தைத் தொடுவதில்லை. ஆதலால் இரண்டின் பெருக்கற்பலனைத் திறன் காரணி என்னும் எண்ணாலும் பெருக்க வேண்டும். 230 வோல்ட்டில் 0.4 ஆம்பியர் எடுக்கும் விசிறியின் திறன் காரணி 0.8 எனில், மின்திறன் 92 வாட் அன்று. ஏறத்தாழ 74 வாட்.

வகுப்பறையில் செய்து பார்க்க

வீட்டு மின்சாரத்தை வகுப்பறைச் சோதனைக்குப் பயன்படுத்துதல் ஆகாது. 1.5 வோல்ட் உலர்மின்கலங்கள் மூன்றும் 100 ஓம் மின்தடையம் ஒன்றும் போதும். மின்னோட்டமானியைச் சுற்றின் ஊடே தொடராகவும், மின்னழுத்தமானியை மின்தடையத்தின் இரு முனைகளிலும் இணைக்க வேண்டும். ஒரு கலத்தில் 0.015 ஆம்பியர், இரண்டில் 0.03, மூன்றில் 0.045 என்பனவற்றை ஒட்டிய அளவுகள் கிடைக்கும். வகுத்தால் மூன்று முறையும் 100 ஓம். பெருக்கினால் 0.0225, 0.09, 0.2025 வாட், அதாவது ஒன்று, நான்கு, ஒன்பது என்னும் விகிதம். ஈவு நிற்பதையும் பெருக்கற்பலன் பாய்ந்து செல்வதையும் மாணவர் தம் கையாலேயே கண்டுகொள்வர்.

கடையில் கிடைக்கும் சிறு மின்தடையங்கள் பல கால் வாட் வரையே தாங்கும். நான்காவது கலத்தைச் சேர்த்தால் திறன் 0.36 வாட் ஆகி எல்லையைத் தாண்டும். 'நான்காவதைச் சேர்க்கலாமா?' என்று ஆசிரியர் கேட்க, மாணவர் இணைக்கும் முன்னரே கணக்கிட்டு 'வேண்டாம், ஐயா' என்று சொன்னால், பாடம் நிறைவுற்றது எனலாம். மானி மில்லி ஆம்பியரில் காட்டினால் முதலில் அதை 1000ஆல் வகுத்து ஆம்பியராக்கிக்கொள்ளவும் பழக்க வேண்டும்.

இன்று வீடு திரும்பியதும் உங்கள் நீட்டிப்புப் பலகையில் இணைந்துள்ள கருவிகளின் அடியில் பொறித்திருக்கும் வாட் அளவுகளைக் கூட்டி, 230ஆல் வகுத்துப் பாருங்கள். விடை 13க்கு மேற்பட்டால், அவற்றுள் ஒன்றைக் கழற்றிவிடுங்கள். கரண்ட் என்னும் ஒரு சொல்லை நான்காகப் பிரித்தறிந்ததன் முதற்பயன் அதுவாக அமையட்டும்.